அது ஆட்டமில்லை

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நான் எடுத்த ஒரு படத்துக்கு நிறையப் பாராட்டு கிடைத்தது. நெடுங்கால் உள்ளான் ஒன்று சேற்றில் தாழ்ந்து, சிறகு இரண்டையும் விரித்துச் சாய்ந்திருக்கும். ‘என்னமா ஆடுது!’ என்றார்கள். நான் மறுக்கவில்லை. முட்டைப் பக்கம் வந்துவிட்ட ஆளைத் திசைதிருப்ப, சிறகொடிந்ததுபோல் அது போட்ட வேஷம் அது. அந்த ஆள் நான்தான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. கோடையில் தண்ணீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும்போது இந்தப் பறவைகள் தரையிலேயே முட்டையிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் கருந்திட்டுகளோடு இருப்பதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. ஆணும் பெண்ணும் மாறிமாறி 22 முதல் 26 நாள் வரை அடைகாக்கும். நம் வெயிலில் அடைகாப்பது என்றால் பாதி நேரம் நிழல் கொடுப்பதுதான். ஓடிப்போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். அது எழுந்துவிட்டால் கருவுக்கு வெயிலே எமன். காக்கை முந்திக்கொண்டால் காக்கை.

2022இல் இந்த இடத்துக்கு ராம்சர் ஈரநிலத் தகுதி கிடைத்தபோது, குப்பைமேட்டையும் ஆக்கிரமிப்பையும் திட்டி நீளமாக எழுதியவனும் நானே.

அந்த முட்டைகள் பக்கம் முதல் தடவை போனது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம் (அதுவும் முழு உண்மையில்லை). பிறகு போனதெல்லாம் அந்த வேஷத்தைப் பார்க்கத்தான். தலைக்குமேல் ‘கிக் கிக்’ என்று கத்திக்கொண்டு, இளஞ்சிவப்புக் கால்கள் தொங்கப் பறக்கும். பிறகு இறங்கி நொண்டும். நான் ஓரடி முன்னே வைத்தால் இன்னும் பதறும். அந்தப் பதற்றம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் வெளிச்சம் போதவில்லை என்று மேகம் விலகும்வரை அங்கேயே குந்தியிருந்தேன். வெயில் வந்தது, படமும் வந்தது. அவ்வளவு நேரமும் முட்டைகள் திறந்து கிடந்தன.

“எட்டி நின்னா இப்படி எப்படி சார் எடுக்க முடியும்?” என்று படத்தைப் பார்த்த ஒரு பையன் கேட்டான். லென்ஸைப் பற்றிப் பேசிச் சமாளித்தேன்.

அடுத்துப் போனபோது முட்டைக் குழி காலியாக இருந்தது. பொரித்த ஒரு நாளைக்குள் குஞ்சுகள் எழுந்து நடந்துவிடும் என்பதால் காலிக் குழியை வைத்து நல்லதையும் நினைக்கலாம், கெட்டதையும் நினைக்கலாம். பொரித்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டுத்துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று குனிந்துகூடத் தேடவில்லை.