வானொலியுட் கேட்ட இரைச்சல்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலராசிரியர் எழுதியபோது, எதைப்பற்றி எழுதுவதென்று சில நாட்கள் திகைத்திருந்தோம். எம்முடன் பயின்றோரிற் பலர் வைத்தியராயும் வழக்கறிஞராயும் ஆசிரியராயும் விளங்கினர். நாமோ ஆயுளின் பெரும்பகுதியைச் சிறு விமானங்களின் வயிற்றுக்குள் தலையை நுழைத்துக் கழித்தோம். அவற்றின் வானொலியையும் மின்னிணைப்புக்களையும் பேணுவதே எம் தொழில். அத்தொழிலில் நாம் செய்த ஒரு பிழையையே எழுதுவதெனத் துணிந்தோம். அப்பிழைக்கும் நமது கல்லூரியின் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

அந்த ஆய்வுகூடத்தின் மூலையிலே ஒரு தூண்டற் சுருள் இருந்தது. அதன் இரு பித்தளைக் குமிழ்களுக்கும் இடையே நீலப் பொறி பாயும்போது, அடுத்த அறையில் வைத்திருந்த பழைய வால்வு றேடியோ 'கரகர' என்று இரையும். இரண்டுக்கும் இடையே ஒரு கம்பியும் இல்லை. ஜெர்மனியிலே ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் என்பார் 1887ஆம் ஆண்டிலே இத்தகைய பொறியைக் கொண்டே மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டினார் என எமது ஆசிரியர் விளக்குவார். மாணவர் பொறியைப் பார்த்து வாய்பிளப்பர். ஆசிரியரோ அவர்களின் குறிப்பேட்டையே பார்ப்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்ற வேண்டும். கண்டதை அப்பொழுதே எழுத வேண்டும். இவ்விரண்டையும் மீறியவன் எவனாயினும் பரிசோதனையை முதலிலிருந்து மீண்டும் செய்தல் வேண்டும். நாம் பலமுறை மீண்டும் செய்தவர்.

கல்லூரியை விட்டபின் கொழும்பிலே தொழில் பயின்று, இரத்மலானையில் விமானமோட்டப் பயிற்றும் ஒரு நிலையத்திலே சேர்ந்தோம். சிறுவயதிலே பலாலிக்கு வந்து போகும் டக்கோட்டா விமானங்களை வேலிக்கப்பால் நின்று பார்த்த ஆசையே எம்மை அங்கு இட்டுச் சென்றது. நாம் குறிப்பிடும் நிகழ்ச்சி 1976ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நிலையத்திலே மூன்று விமானங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று செஸ்னா 150 வகையைச் சேர்ந்தது. இருவர் மாத்திரம் அமரக்கூடியது. நான்கு உருளைகள் கொண்ட எஞ்சினை உடையது. அதன் வானொலியில் இரைச்சல் கேட்கிறதென்று பயிற்றுநர்கள் முறையிடலாயினர்.

விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தினரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள அலைகளிலேதான். அது அன்றும் இன்றும் வீச்சுப் பண்பேற்ற முறையிலேயே நடைபெறுகின்றது. வீடுகளில் இசை கேட்கும் எவ்.எம். முறை இதனினும் தெளிவானதாயிற்றே, அதை ஏன் கையாளவில்லை என்று இளைஞர் கேட்கலாம். எவ்.எம். முறையில் இருவர் ஒரே வேளையிற் பேசினால், வலிய ஒலி மெலிய ஒலியை முற்றாக விழுங்கிவிடும். வீச்சுப் பண்பேற்ற முறையிலோ இரண்டும் கலந்து ஒரு கீச்சொலி எழும். வேறொருவரும் பேசுகின்றார் என்பதாவது தெரியும். ஆகாயத்தில் அந்த அறிவு உயிர் காக்கும். ஆனால் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. அலையின் வீச்சிலேயே செய்தி இருப்பதால், எங்கோ பாயும் ஒரு பொறியும் செய்தியைப்போலவே உள்ளே புகுந்துவிடும். எமது ஆய்வுகூடத்து றேடியோ இரைந்ததும் இதனாலேயே.

இனி, விமான எஞ்சினோ பொறிகளின் உலைக்களம். ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு பிளக்குகள். அவற்றுக்கு மின்னூட்ட மக்னீற்றோ எனப்படும் கருவிகள் இரண்டு. ஒன்று பழுதுபட்டாலும் மற்றது எஞ்சினை ஓட்டும். நிமிடத்துக்கு 2,400 சுற்று ஓடும் நான்கு உருளை எஞ்சினிலே, ஒரு மக்னீற்றோவிலிருந்து மாத்திரம் செக்கனுக்கு 80 பொறிகள் எழுகின்றன. அவை வானொலியை அணுகாதபடி ஒவ்வொரு கம்பிக்கும் மேலே உலோகப் பின்னலால் ஒரு கவசம் இட்டு, அக்கவசத்தை எஞ்சினின் உடலோடு இணைத்து வைப்பர்.

முறைப்பாடு வந்ததும் நாம் செய்தது யாது? வானொலியில் இரைச்சல் என்றால் வானொலியே குற்றவாளி என்று முடிவு கட்டினோம். ஒரே நாளில் வானொலிப் பெட்டியை மாற்றினோம். ஏரியற் கம்பியை மாற்றினோம். மின்பிறப்பாக்கியின் வடிகட்டியையும் மாற்றினோம். இரைச்சல் சற்றுக் குறைந்ததுபோல் இருந்தது. எதனாற் குறைந்தது, உண்மையிற் குறைந்ததா, என்று எமக்குத் தெரியவில்லை. குறிப்பேட்டிலும் ஒன்றும் எழுதவில்லை. இவ்வாறு இரண்டு வாரங்கள் கழிந்தன. எமது ஆசிரியர் கண்டிருப்பின் தாளைக் கிழித்தெறிந்திருப்பார்.

அந்த இரண்டு வாரங்களின் இறுதியிலே, பத்தொன்பது வயது நிரம்பிய மாணவர் ஒருவர் தனியே பறப்பதற்கு அவ்விமானத்தை எடுத்துச் சென்றார். அது அவருக்கு இரண்டாவது தனிப்பறப்பு. வானொலிப் பெட்டியிலே இரைச்சலை அடக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதனைத் திருப்பினால், ஒரு குறித்த வலுவுக்குக் குறைந்த ஒலிகள் யாவும் காதுக்கு வராமல் தடுக்கப்படும். இரைச்சல் பொறுக்கமாட்டாத அம்மாணவர் அக்குமிழை முழுவதும் திருப்பிவிட்டார். இரைச்சல் ஓய்ந்தது, கோபுரத்தின் குரலும் அதனோடு ஓய்ந்தது. முன்னே இறங்கிய விமானமொன்று ஓடுபாதையை விட்டு நீங்காமையால், இறங்காது மீண்டும் சுற்றி வருமாறு கோபுரத்தினர் இருமுறை பணித்தனர். மாணவர் ஒன்றும் அறியாது இறங்கி வந்துகொண்டிருந்தார். நாம் கூடத்து வாயிலில் நின்று பார்த்தோம். அப்பொழுது கோபுரத்திலிருந்து அசையாத செவ்வொளி ஒன்று விமானத்தை நோக்கிப் பாய்ச்சப்பட்டது. பறக்கும் விமானத்துக்கு அது காட்டும் பொருள், பிறருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு என்பது. மாணவர் அதைக் கண்டார், பாடத்தையும் மறக்கவில்லை. எஞ்சின் முழங்க விமானம் மேலே எழுந்தது. எம் கைகள் நடுங்கியதை நாம் எவரிடமும் சொல்லவில்லை.

அன்றிரவு ஒரு புதிய அப்பியாசப் புத்தகம் வாங்கினோம்.

மறுநாட் காலை பயிற்றுநர் ஒருவரை விமானி ஆசனத்தில் அமர்த்தி, நாம் பக்கத்தில் அமர்ந்தோம். எஞ்சின் ஓடாதபோது வானொலியைத் திறந்தோம்; இரைச்சல் இல்லை என்று எழுதினோம். சுழல்விளக்கை ஏற்றினோம், மெல்லிய 'டிக், டிக்' ஒலி மாத்திரம் கேட்டது. எஞ்சினை ஓட்டினோம், கரகரப்பு எழுந்து, சுற்று ஏற ஏற விரைந்தது. மின்பிறப்பாக்கியின் ஆளியை நிறுத்தினோம், மாற்றம் இல்லை. அதன் இரைச்சலாயின் ஊளைபோல் நீண்டிருக்கும். இதுவோ பொரி பொரிவதுபோல் இருந்தது. பெட்டியின் பின்னிருந்து ஏரியற் கம்பியைப் பிடுங்கினோம். இரைச்சலின் பெரும்பகுதி நின்றது. ஆகவே அது மின்சாரக் கம்பி வழியே வந்ததன்று. வெளியிலிருந்து ஏரியல் வழியே புகுந்தது. வானொலிப் பெட்டி நிரபராதி.

ஏரியலை மீண்டும் பொருத்தினோம். அடுத்தபடி 1,700 சுற்றில் எஞ்சினை வைத்து, மக்னீற்றோக்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். இடது பக்கத்தை நிறுத்தினோம். இரைச்சல் இருந்தபடியே இருந்தது. வலது பக்கத்தை நிறுத்தினோம், வானொலி மௌனமாயிற்று.

இங்கே ஒன்று கூறவேண்டும். இச்சோதனை எமது கண்டுபிடிப்பன்று. ஒவ்வொரு பறப்புக்கும் முன்னர் ஒவ்வொரு விமானியும் இதனைச் செய்கின்றார். அந்த இரண்டு வாரங்களிலும் நாள்தோறும் பலமுறை வலது மக்னீற்றோ நிறுத்தப்பட்டு, சில செக்கன்கள் இரைச்சலும் நின்றிருக்கும். ஆயினும் எல்லோரும் சுற்றுமானியின் முள்ளைப் பார்த்தனரேயன்றி, காதுகொடுத்துக் கேட்டாரில்லை.

பின்னர் காவலாளியிடம் அவருடைய திரான்சிஸ்டர் றேடியோவை இரவல் வாங்கினோம். அதில் எந்நேரமும் சினிமாப் பாட்டுத்தான். நிலையங்கள் இரண்டுக்கு இடையே ஒன்றும் கேளாத இடத்தில் முள்ளை வைத்து, ஓடும் எஞ்சினை விட்டு விலகி, விமானியறைக்குள்ளேயே அதனை அங்குமிங்கும் நகர்த்தினோம். ஓரிடத்திலே அது உரக்க இரைந்தது. மக்னீற்றோவிலிருந்து தீச்சுவரைத் துளைத்து ஆளிவரை வரும் ஒற்றைக் கம்பியை ஒட்டியே அவ்விரைச்சல் தொடர்ந்தது.

எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறந்தோம். மக்னீற்றோவில் அக்கம்பி பொருந்தும் இடத்திலே கவசப் பின்னல் அறுந்து தொங்கிற்று. கவசத்தின் இணைப்பு அற்றதும், ஆளிவரை வரும் கம்பி முழுவதுமே ஓர் ஏரியலாகி இருந்தது. அதுமட்டுமாயின் இரைச்சலோடு போயிருக்கும். உள்ளே இருந்த செப்பு இழைகளிலும் மூன்றே எஞ்சியிருந்தன.

அம்மூன்று இழைகளின் பொருளை விளக்கவேண்டும். மக்னீற்றோ பற்றரியை நம்பியிராது. தானே மின்னை உண்டாக்கும். அதனை நிறுத்துவதற்கு ஒரே வழி, அந்தக் கம்பியினால் அதன் சுருளை எஞ்சினின் உடலோடு தொடுப்பதே. கம்பி அறுந்தாலோ, ஆளி 'நிறுத்தம்' என்று காட்டினும் மக்னீற்றோ உயிரோடிருக்கும். கையால் மெதுவாகத் திருப்பினும் பொறி எழும்படி அதனுள்ளே ஒரு வில்லும் உண்டு. உருளையில் எஞ்சிய பெற்றோல் ஆவி சிறிது இருந்தாற் போதும், முன்புறத்து விசிறியைத் தொட்டவரின் கையையோ தலையையோ அது கொண்டுபோய்விடும். எமது நிலையத்திலே நாள்தோறும் காலையில் விமானத்தைத் துடைத்து, விசிறியைக் கையாற் பிடித்துத் திருப்பி, கிடையாக நிறுத்துபவர் ஒருவர் இருந்தார். ஊரிலே மனைவியும் நான்கு பிள்ளைகளும் உள்ளவர். வயதில் மூத்தவராதலால் நாம் அவரை அண்ணை என்றே அழைப்போம்.

கம்பி ஏன் அறுந்தது? அதனை எஞ்சினோடு பிணைத்து அசையாது வைக்கும் சிறு கவ்வி ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. ஆறு கிழமைகளுக்கு முன்னர் மக்னீற்றோவைக் கழற்றிப் பூட்டியபோது அக்கம்பியை இணைத்தவர் நாமே. கவ்வியைப் பின்பு போடலாம் என்று தட்டில் வைத்தோம், மறந்தோம். எஞ்சினின் அதிர்வு மீதியைச் செய்தது.

தலைமைப் பொறியியலாளரிடம் சென்று உள்ளபடி சொன்னோம். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் எளிதாயிருந்திருக்கும். எமது பிழையை எமது கையாலேயே விமானத்தின் பதிவேட்டில் எழுதச் செய்தார். பின்னர் மற்றை இரண்டு விமானங்களையும் தம் முன்னிலையிலே திறக்கச் சொன்னார். அவற்றுள் ஒன்றிலும் கவ்வி ஒன்று குறைந்திருந்தது. அதுவும் எம் கைவேலையே.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, இளைப்பாறியிருந்த எமது ஆசிரியரைக் கண்டு எல்லாவற்றையும் கூறினோம். சாய்மனைக் கதிரையிற் கண்களை மூடியபடி கேட்டிருந்தார். முடிவிலே, "செக்கனுக்கு எத்தனை பொறி எண்டு கணக்குப் பாத்தனியோ?" என்றார். 1,700 சுற்றிலே ஏறக்குறைய 57 என்றோம். தலையை அசைத்தார். அவர் எம்மைப் பாராட்டியது, எம் நினைவுக்கு எட்டியவரை, அந்த ஒருமுறைதான்.

அண்ணைக்கு விடயத்தைச் சொல்ல எமக்கு ஒரு கிழமை பிடித்தது. விசிறிக்கு எதிரே நின்றபடியே கேட்டார். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, துணியை உதறிக்கொண்டு மறுபக்கம் போனார். மறுநாட் காலை நாம் கூடத்துக்குள் நுழைந்தபோது விமானம் துடைக்கப்படாமல் இருந்தது. விசிறிக்கு எட்டத்தில் ஒரு பெற்றோல் தகரத்தின்மேல் அமர்ந்திருந்தவர் எம்மைக் கண்டதும் எழுந்தார்.

"தம்பி, உந்த றேடியோவுக்குள்ள ஏதும் சத்தம் கேக்குதோ எண்டு முதலிலை பாத்துச் சொல்லும்."

இல்லை என்று நாம் சொன்ன பின்னரே விசிறியிற் கைவைத்தார். அந்த நிலையத்தை விட்டு நாம் நீங்கும் வரை, காலைதோறும் அவ்வாறே கேட்டார். நாமும் காலைதோறும் பார்த்தே சொன்னோம்.