கைக்கு வந்து சேர்ந்ததா?

அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, நில ஆவணங்களுக்கு அடியில் நூலால் கட்டிய ஒரு காகிதக் கட்டு இருந்தது. பணவிடை ஒப்புகைச் சீட்டுகள். பெங்களூர் பீன்யாவில் ஒரு கடைசல் பட்டறையில் அவர் வேலை பார்த்த ஆண்டுகளில், மாதாமாதம் மத்தூருக்கு அம்மா பெயரில் அனுப்பிய பணத்துக்குச் சாட்சியங்கள். இன்றைய இளைஞர்களுக்கு இதை விளக்கியே ஆகவேண்டும். பணவிடைப் படிவம் ஒரே காகிதம்தான் என்றாலும் அதற்குள் மூன்று காரியங்கள் இருந்தன. ஒரு பகுதி அஞ்சலகத்தின் கணக்குக்கு. இன்னொரு பகுதியில் அனுப்புகிறவர் நான்கு வரி எழுதலாம். தபால்காரர் அதைக் கிழித்துப் பணத்தோடு கொடுத்துவிடுவார். மூன்றாவது, பெற்றுக்கொண்டவரின் கையொப்பத்தோடு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும் ஒப்புகை.

கட்டில் அடியிலிருந்த பழைய சீட்டுகளில் அம்மாவின் இடது கைப் பெருவிரல் ரேகையும், அருகே சாட்சியாக யாரோ ஒருவரின் கையெழுத்தும் இருந்தன. மேலே வர வர ரேகை மறைந்து, கோணல்மாணலாக ஒரு பெயர் தோன்றுகிறது. பிறகு அந்தப் பெயர் நேராகிறது. அம்மா எப்போது எழுதப் பழகினாள் என்று நான் கேட்டதே இல்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சென்ற சில ஆண்டுகளாகப் பணம் அனுப்பும் வழிகளைப் பற்றி நான் அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டிருக்கிறேன். காரணம், எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் ஒடிசாக்காரப் பையன். போச்சம்பள்ளி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எழுபதுகளில் ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்தபோது இந்தப் பக்கத்து ஆட்கள்தாம் வேலை தேடி அங்கே போனார்கள். அதற்கும் முன்னால் என் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பெங்களூர். இப்போது மாந்தோப்புகளுக்கு நடுவே தொழிற்சாலைகள் எழுந்துவிட்டன. எங்கிருந்தோ வந்த பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்று தொலைபேசியில் தம் தாயாரிடம் பேசுகிறார்கள். பிழைப்புக்காகப் போகும் ஊராக மத்தூரும் ஆகிவிட்டது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

அந்தப் பையன் மாதம் எட்டாயிரம் ரூபாய் வீட்டுக்கு அனுப்புவான். கடைத்தெருவில் கைபேசி ரீசார்ஜ் கடை ஒன்றில் ரொக்கத்தை நீட்டுவான். கடைக்காரர் ஐயாயிரம், மூவாயிரம் என இரண்டாகப் பிரித்து அவன் தாயின் கணக்குக்கு அனுப்பிவிட்டு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் எண்பது ரூபாய் எடுத்துக்கொள்வார். இது தெரிந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவன் சம்பளமே வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அதை ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுத்து, கடைக்காரரிடம் கொடுத்து, மறுபடி வங்கிக்கே அனுப்புவதற்கு ஆண்டுக்குத் தொள்ளாயிரத்து அறுபது ரூபாயா? "எல்லாம் இலவசமாக இருக்கும்போது ஏன் தம்பி தண்டம் கட்டுகிறாய்?" என்றேன். அவன் சிரித்தான். "அண்ணன் நல்லவரு, சார்" என்றான், கடைக்காரரைப் பற்றி.

பாடம் நடத்துவது என் தொழில். கேட்காதவர்களுக்கும் நடத்திவிடுவது அதில் ஒட்டிக்கொண்ட நோய். 2023ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, அவன் கைபேசியில் வங்கிச் செயலியை நிறுவி, அவன் தாயின் கணக்கு எண்ணை நானே பதிந்தேன். பாஸ்புக்கின் மங்கலான புகைப்படம் ஒன்று அவனிடம் இருந்தது. அதில் ஒரு மூன்றை எட்டு என்று படித்துவிட்டேன். பிழை நேராதிருக்கச் செயலி எண்ணை இரண்டு முறை கேட்கிறது. இரண்டு முறையும் அதே புகைப்படத்தைப் பார்த்து அதே எட்டைத்தான் தட்டினேன். எட்டாயிரம் ரூபாய் நொடியில் போயிற்று. வெற்றி என்று பச்சை நிறத்தில் எழுத்து வந்தது. எண்பது ரூபாய் மிச்சம் என்றேன், பெருமையாக.

மூன்றாம் நாள் அவன் படியிறங்கி வந்து தயங்கி நின்றான். அம்மாவுக்கு வரவில்லை.

பிறகு தெரிந்துகொண்டவற்றை முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம். இத்தகைய பரிமாற்றத்தில் கணக்கு எண் ஒன்றே பேசும்; நாம் எழுதும் பெயரை யாரும் ஒத்துப்பார்ப்பதில்லை. அப்படி ஒரு எண் உண்மையில் இல்லையென்றால் பணம் திரும்பிவிடும். இருந்தது. வேறு ஏதோ ஒரு மனிதருடையது. வங்கியில் விண்ணப்பம் கொடுத்தோம். அந்தக் கணக்குக்காரர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்றார்கள். விதி அப்படித்தான், குற்றம் சொல்ல இயலாது. அவர் சம்மதிக்கவில்லை. பணத்தை எடுத்துச் செலவழித்திருப்பார். அவருக்கும் ஏதாவது அவசரம் இருந்திருக்கக்கூடும். (பெறுபவரின் பெயரை அனுப்புவதற்கு முன்பே திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் வங்கிகள் செய்துதர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. எங்களுக்கு அது இரண்டு ஆண்டு தாமதம்.)

அன்று மாலையே என் பணம் எட்டாயிரத்தை எடுத்துக்கொண்டு அதே ரீசார்ஜ் கடைக்குப் போனேன். கடைக்காரர் தம் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அந்தத் தாயின் கணக்கு எண்ணைப் பார்த்து, பெயரை வாய்விட்டுப் படித்து, "இவங்கதானே?" என்று பையனிடம் கேட்டுவிட்டு அனுப்பினார். அவர் பதினைந்து விநாடியில் செய்த அந்த வேலையின் விலைதான் எண்பது ரூபாய் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதை எழுதும்போதே ஒரு தயக்கம். இடைத்தரகைப் புகழ்கிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நூற்றுக்கு ஒன்று ஏழையிடம் வாங்கும்போது சிறிதல்ல. ஆனால் வழிகளை ஒப்பிடும்போது நாம் கட்டணத்தை மட்டுமே ஒப்பிடுகிறோம். தவறினால் யார் பொறுப்பு, கிடைத்ததா என்பதை யார் சொல்வது, கடைசியில் அந்தக் கிழவியின் கையில் நோட்டாக வைப்பது யார் என்ற கேள்விகளுக்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை. நான் விடுதியில் தங்கி எம்.ஏ. படித்த காலத்தில் அஞ்சலகம் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கழிவு வாங்கியது. எனக்கு ஆயிரம் ரூபாய் அனுப்ப அப்பா ஐம்பது ரூபாய் கட்டினார். கணக்குப் பார்த்தால் ரீசார்ஜ் கடையைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் தபால்காரர் என் முகத்தைப் பார்த்தே பணத்தை எண்ணி வைத்தார்.

நம் அக இலக்கியத்தில் பொருள்வயிற் பிரிவு எவ்வளவு பெரிய துறை என்பது வாசகர்களுக்குத் தெரியும். பாலைவழி, கள்வர், நிழலற்ற மரம், நாளெண்ணிச் சுவரில் இட்ட கோடுகள் எல்லாம் உண்டு. ஆனால் போனவன் பொருளை மட்டும் அனுப்பிவைத்தான் என்ற செய்தியை நான் படித்த எந்தப் பாடலிலும் கண்டதில்லை. பொருள் வந்தால் அவனும் கூடவே வந்தான். ஆள் வராமல் பொருள் மட்டும் வீட்டுக்கு வருவதற்கு இடையில் நம்பகமான மூன்றாவது ஆள் வேண்டும். நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்து, ஓரிடத்தில் பெற்ற பணத்துக்கு இன்னோரிடத்தில் மாற்றும் உண்டியல் சீட்டு எழுதியபோது அந்த மூன்றாவது ஆளாக நின்றது அவர்களுடைய வாக்குதான். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பேச்சில் 'உண்டியல்' இன்றும் அந்தப் பொருளிலேயே புழங்குகிறது. இந்தியச் சட்டம் அதை ஒப்புவதில்லை. ஆனாலும் சொல் சாகவில்லை.

அந்தத் தவறுக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆப்பிரிக்காவின் நிலைமை என்னை அயரவைத்தது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளுக்கு இருநூறு டாலர் அனுப்ப ஏறத்தாழ எட்டு சதவீதம் செலவாகிறது என்கின்றன உலக வங்கியின் கணக்குகள். உலகில் மிக அதிகமான செலவு அங்கேதான். 2030க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவை வகுத்த இலக்கு. அதிலும் ஒரு சூது இருக்கிறது. கட்டணமே இல்லை என்று விளம்பரப்படுத்தும் நிறுவனம் நாணய மாற்று விகிதத்தைச் சற்றுக் குறைத்துத் தன் கூலியை அதற்குள் ஒளித்துவிடும். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கட்டணத்தைப் பார்க்காதீர்கள், இங்கே கடைசியில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று பாருங்கள்.

அதே ஆப்பிரிக்காவில்தான் 2007இல் கென்யாவில் எம்-பெசா பிறந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்பு என்பதே அதன் முழக்கம். சாதாரணக் கைபேசியில் குறுஞ்செய்தி. வங்கிக் கணக்கு வேண்டாம். தெருமுனைக் கடைக்காரரே முகவர். நம் யூ.பி.ஐ. வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு. எங்கள் ரீசார்ஜ் கடைக்காரரை நினைத்துக்கொண்டேன். நைரோபியில் அவர் ஒரு பெரும் அமைப்பின் அங்கம். இங்கே நான் அவரைத் தண்டம் என்றேன்.

பையனின் தாய்க்குக் கைபேசி இல்லை, யூ.பி.ஐ. அவளளவில் பயனற்றது. அவள் கிராமத்தில் வங்கி முகவர் ஒருவர் சிறு இயந்திரத்தோடு வருகிறார். ஆதார் எண்ணும் விரல் ரேகையும் ஒத்துப்போனால் பணம் தருவார். ஐம்பது ஆண்டுகள் நாற்று நட்டும் விறகு வெட்டியும் தேய்ந்த விரல் அது. பல நாள் இயந்திரம் அதை ஏற்பதில்லையாம். எண்ணெய் தடவிப் பார்ப்பார்கள், துணியால் துடைத்துப் பார்ப்பார்கள், நாளை வா என்பார்கள். நான் அனுப்பிய அந்த மாதப் பணத்தை எடுக்கவும் அவள் மூன்று முறை நடந்திருக்கிறாள். இங்கிருந்து அங்கே போகப் பதினைந்து விநாடி. அங்கிருந்து அவள் கைக்குப் போக ஆறு நாள்.

என் அம்மாவின் ரேகையைத் தபால்காரர் மை தடவி வாங்கினார். அது தேய்ந்திருக்கிறதா என்று அவர் பார்த்திருக்க மாட்டார். அவருக்கு அம்மாவைத் தெரியும்.

தொலைந்த எட்டாயிரத்தை நான் ஏற்றுக்கொண்டேன் என்றதும் பையன் ஒப்பவில்லை. "தப்பு ரெண்டு பேருது, சார். நானும் போட்டோ பார்த்தேன்" என்றான். வாடகையோடு மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக வைத்தான். நான்காவது மாதம் முடிந்ததும் நிறுத்திக்கொண்டான்; பாதிக்குப் பாதி. வாங்க மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அவன் வேறு வீடு பார்த்துப் போயிருப்பான் என்று தோன்றியது, வாங்கிக்கொண்டேன்.

2024 நவம்பரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது கடைக்காரர் அடையாளச் சான்றையும் கைபேசி எண்ணையும் சரிபார்க்கத் தொடங்கினார். பையன் கடைக்குப் போவதை விடவில்லை. மருந்துச் செலவு போன்ற சிறு தொகைகளை மட்டும் அக்காள் கணவரின் கைபேசிக்கு யூ.பி.ஐ.யில் அனுப்புகிறான், அதில் பெயர் தெரிகிறது. நான் யோசனை எதுவும் சொல்வதில்லை.

மாதத்தின் முதல் வாரத்தில், இரவுப் பணிக்குக் கிளம்புமுன், மாடிப்படியில் நின்று தாயிடம் பேசுகிறான். அண்டை வீட்டார் தொலைபேசியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் போலும். எனக்கு ஒடியா தெரியாது. ஆனால் முதல் கேள்வி ஒவ்வொரு மாதமும் ஒன்றேதான், ஒலி பழகிவிட்டது. அவள் பதில் வரும்வரை படியில் அசையாமல் நிற்பான். பிறகு மிச்சப் படிகளில் சத்தத்தோடு இறங்குவான்.