சோதனைக்குப் பத்து நிமிடம்



வாரிசுகளின் பாகத்தைக் கணக்கிடும் நிரல் தொகுப்பு ஒன்றை என் அண்ணன் மகன் ஆர் மொழியில் எழுதியிருக்கிறான். நடுவட்டத்து மழையில் மின்சாரம் வந்துபோகும் இடைவெளிகளில் நடந்த வேலை அது. ஃபராயிள் சட்டப்படி விடைகள் சரிதானா என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு.

ஆர் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவர் உருவாக்கிய புள்ளியியல் மொழி. அதற்கான தொகுப்புகள் 1997 முதல் க்ரான் என்னும் களஞ்சியத்தில் சேர்ந்து, இன்று 20,000-ஐயும் தாண்டிவிட்டன. குர்ஆனின் அரபு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் அடங்கிய தொகுப்பும் அங்கே உண்டு. புதிய தொகுப்பை அனுப்பினால் கணினியே முதலில் சோதிக்கும். மொத்தச் சோதனை 10 நிமிடத்தைக் கடந்தாலோ, ஓர் எடுத்துக்காட்டு 5 வினாடிக்கு மேல் ஓடினாலோ குறிப்பெழுதிவிடும். அங்குள்ள கணினிகள் சிலவே. சோதிக்க வேண்டிய தொகுப்புகளோ ஆயிரக்கணக்கில்.

இவனோ வாரிசுகளின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதனையில் வைத்திருந்தான். "சாச்சா, ஒன்றை விட்டாலும் யாருடைய ஹக்காவது தவறிப்போகுமே" என்றான். அச்சம் நியாயமானதே. ஆனால் ஒரே விதியை நூறு குடும்பங்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் அந்த அச்சம் தீர்ந்துவிடாது. நேரத்தைக் குறைக்கச் சொல்லும் க்ரான் விதியே, மிஞ்சும் சோதனைகள் தொகுப்பின் எல்லாப் பணிகளையும் தொட வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே விதிக்கு ஒரு வழக்கு என்று தேர்ந்தோம்.

முதலாவது மிம்பரிய்யா. மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. 24 பாகமாக வைத்தால் 3, 16, 4, 4, கூட்டினால் 27. அவ்ல் விதிப்படி பகுதியே 27 ஆகிறது. மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகச் சுருங்குகிறது. மிம்பரில் நின்றபடியே அலீ (ரலி) இதற்கு விடை சொன்னார்கள் என்பது வழிவழிச் செய்தி. இந்த ஒரு வழக்கு, கணினிக்குக் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாமல், அவ்லை முழுவதும் சோதித்துவிடுகிறது. அதற்கு நேர்மாறான ரத்துக்குத் தாயும் ஒரு மகளும் போதும்: கால், முக்கால். கணவனும் பெற்றோரும் மட்டும் இருக்கும் உமரிய்யாவையும் சேர்த்தோம். கணவனின் பாதி போக மீதியில்தான் தாய்க்கு மூன்றில் ஒன்று.

பெருஞ்சோதனை அழிக்கப்படவில்லை. 'ஸ்கிப் ஆன் க்ரான்' என்ற ஒரு வரியால் அது களஞ்சியத்தில் தவிர்க்கப்படும். வீட்டுக் கணினியில் இரவெல்லாம் ஓடினாலும் கேட்பார் இல்லை. விளக்கக் கட்டுரையின் அட்டவணைகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டான். நீண்ட எடுத்துக்காட்டுகளை 'டோன்ட்டெஸ்ட்' குறிக்குள் ஒளித்துவிடலாம் என்று சிலர் எண்ணுவதுண்டு. 2020-இல் வந்த ஆர் 4.0.0 முதல் க்ரான் முறைச் சோதனை அவற்றையும் ஓட்டுகிறது. அனுப்புமுன் எது எத்தனை வினாடி பிடிக்கிறது என்று அளந்து பார்ப்பதே வழி.

இன்னும் ஒன்று பாக்கி. பாட்டனாரும் சகோதரர்களும் வாரிசாக இருந்தால் ஹனஃபி மத்ஹபில் சகோதரர்களுக்குப் பாகமில்லை; ஷாஃபி மத்ஹபில் உண்டு. இம்மலையில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். அதற்கு மட்டும் இரண்டு சோதனைகள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.