சாலைக்கு ஒரு கைப்பிடிச்சுவர்



திருவனந்தபுரத்திற்கு முதன்முறை வருகிற தமிழர் ஒரு வார்த்தையில் தடுமாறுவதுண்டு. "சாலைக்குப் போய் வருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், "எந்தச் சாலைக்கு?" என்று கேட்பார்கள். இந்த நகரத்தில் சாலை என்பது ஒரு கடைத்தெருவின் பெயர். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலத்தை நோக்கி நீளும் அந்தத் தெருவில் பலசரக்குக் கடைகளின் மிளகாய் நெடியும் பூக்கடைகளின் மல்லிகை மணமும் கலந்து வரும். பித்தளைப் பாத்திரக் கடைகளின் வாசலில் தமிழ் கேட்கும். நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்புக்காக வந்த நம் ஜனங்களில் அநேகருக்கு இந்நகரத்தின் முதல் விலாசம் இதுவே.

திருவிதாங்கூரின் திவானாயிருந்த ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சந்தையை ஏற்படுத்தினார். அவர் பிறந்த குன்னத்தூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியிலுள்ளது. தெற்கேயிருந்து சரக்கு வண்டிகள் தடையின்றி வந்து சேரக் கரமனையாற்றையும் கிள்ளியாற்றையும் கடக்க வழி வேண்டியிருந்தது. மாட்டுவண்டியின் வேகத்திற்கு அமைந்த அத்தெருவில் இன்றும் கைவண்டி தள்ளுகிறவரும், மூட்டை சுமக்கிறவரும், ஆட்டோ ஓட்டுகிறவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டே நகரவேண்டும். நெரிசலைக் குறித்து நாம் முறுமுறுக்கிறோம். ஆனாலும் அங்கே ஒரு வயதான தாய் காய்கறிப் பையோடு நடுத்தெருவில் நின்று பேரம் பேச முடிகிறது.

அதே வழியில் தெற்கே பிரயாணப்படுங்கள். கரமனை கடந்து, பாப்பனங்கோடு, நேமம், கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரைக்கும் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஊருக்குப் போகும் நம் விசுவாசிகள் எல்லாருக்கும் பழகிய தேசிய நெடுஞ்சாலை அது. அதை அகலப்படுத்தவேண்டுமென்று அப்பகுதியின் மக்கள் தாங்களே ஒரு செயற்குழுவாகக் கூடி, ஆண்டுக்கணக்காய்ப் போராடினார்கள். கரமனைப் பக்கத்துப் பகுதிகள் முதலில் அகலமாயின. ஆனால் வழி விசாலமான இடத்தில் நம்முடைய கால் தானாகவே அழுத்துகிறது. இதை மற்றவர்களைக் குறித்து எழுதவில்லை. என்னைக் குறித்தே எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்குமுன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, உபவாச ஜெபத்திற்குத் தாமதமாகிவிட்டதென்று அந்த வழியில் காரை விரட்டிக்கொண்டு போனேன். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னே காக்கிச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன் இறங்கிவந்து உள்ளங்கையை உயர்த்தினான். நான் ஹாரன் அடித்தேன். அவன் விலகவில்லை. டயர்கள் கிறீச்சிட்டு வெள்ளைக் கோட்டின்மேல் வண்டி நின்றது. அவனுக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். கடைசிப் பிள்ளை அக்கரை சேர்ந்தபின் அவன் என் ஜன்னலருகே குனிந்து, "பதுக்கே போணே, சாரே" என்றான். மெதுவாய்ப் போங்கள் ஐயா என்று அதற்குப் பொருள். என் காரின் பின்கண்ணாடியில் வேதவசனம் ஒட்டியிருந்தது. அதைக் கண்டிருந்தால் அப்பிள்ளை என்ன நினைத்திருப்பான் என்ற வெட்கம் அன்று ஜெபம் முடியுமட்டும் என்னை விடவில்லை.

அவன் மாணவர் காவல் படையைச் சேர்ந்தவன். 2010 ஆகஸ்டு 2 அன்று கேரளக் காவல்துறை 127 பள்ளிகளில் தொடங்கிய திட்டம் அது. 2018-இல் மத்திய அரசு அதை நாடெங்கும் விரிவாக்கியது. அப்பிள்ளைகள் கற்கும் காரியங்களில் சாலைப் பாதுகாப்பும் ஒன்று. இங்கிலாந்தின் கிராமங்களிலும் இதற்கொப்பான ஊழியம் நடக்கிறது. ஓய்வுபெற்றவர்களும் இல்லத்தரசிகளும் காவல்துறையிடம் பயிற்சிபெற்று, ஒளிரும் மேலாடை அணிந்து, வேகமானியோடு ஊர் எல்லையில் நிற்கிறார்கள். அவர்கள் அபராதம் விதிப்பதில்லை. வண்டி எண்ணையும் வேகத்தையும் குறித்துக்கொடுக்க, வண்டியின் சொந்தக்காரருக்குக் காவல்துறை எச்சரிப்புக் கடிதம் அனுப்புகிறது. "எங்கள் பிள்ளைகள் இங்கே நடக்கிறார்கள்" என்று ஊரே ஓட்டுநருக்கு நினைப்பூட்டுகிற காரியம் அது.

"கேமராக்கள் இருக்கின்றனவே" என்பீர்கள். 2023 ஜூன் மாதம் முதல் கேரளம் 726 கேமராக்களைப் பயன்படுத்தத் தொடங்கியது உண்மையே. அவற்றில் மிகுதியானவை தலைக்கவசத்தையும் இருக்கைப் பட்டையையும் பார்ப்பவை. வேகத்தை அளக்க வைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. கேமரா இருக்கும் இடத்தில் மாத்திரம் மெதுவாய்ப் போகிறவன் அபராதத்திற்குப் பயப்படுகிறான். பிள்ளைக்காக மெதுவாய்ப் போகிறவனோ அயலானை நேசிக்கிறான்.

வேகத்தின் கணக்கு எளியது. 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு எட்டு மீட்டர் ஓடும். 60-இல் ஏறக்குறைய பதினேழு மீட்டர் ஓடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. 30-இல் மோதப்பட்டவர் பெரும்பாலும் பிழைக்கிறார். வேகம் ஏற ஏற அந்த நம்பிக்கை விரைவாய்க் குறைந்துபோகிறது. களியக்காவிளை வரையுள்ள 30 கிலோமீட்டரை 40 வேகத்தில் கடந்தால் 45 நிமிடம், 60 வேகத்தில் கடந்தால் 30 நிமிடம். நாம் சம்பாதிப்பது பதினைந்தே நிமிடம்.

2022-ஆம் ஆண்டில் மாத்திரம் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மரித்தார்கள் என்றும், அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோரின் மரணத்திற்கு அதிவேகம் காரணமென்றும் மத்திய அரசின் அறிக்கை சொல்லுகிறது. இவர்களில் நம்முடையவர்களும் உண்டு. சாலை விபத்தில் மரித்த வாலிபரின் அடக்க ஆராதனைகளை நானும் நடத்தியிருக்கிறேன். "இது தேவசித்தம், கர்த்தர் எடுத்துக்கொண்டார்" என்று சொல்லி, கதறுகிற தாயைத் தேற்றினேன். இப்பொழுது அப்படிச் சொல்ல என் நாவு தயங்குகிறது. தேவன் துக்கப்படுகிறவர்களோடிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனுஷன் மிதித்த வேகத்தைத் தேவனுடைய கணக்கில் எழுத நமக்கு அதிகாரம் உண்டோ?

உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசியுங்கள். புதுவீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாமல் விட்டு, ஒருவன் விழுந்து மரித்தால், அந்த இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவனின் விதி என்று மோசே சொல்லவில்லை, சுவர் எங்கே என்று கேட்கிறான். இன்றைய சாலைக்கு வேகக்கட்டுப்பாடே கைப்பிடிச்சுவர். பிரயாண ஜெபம் செய்துவிட்டு வேகமாய் ஓட்டுகிறவனோ, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனுடைய யோசனைக்குச் செவிகொடுக்கிறான். தூதர்கள் தாங்குவார்கள் என்ற வாக்குத்தத்தத்தைக் கொண்டே சாத்தான் சோதித்தான் என்பதை மறவாதீர்கள். மத்தேயு 4-இல் நம் ஆண்டவர் குதிக்க மறுத்தார்.

வேதத்தில் வேகத்திற்குப் பெயர்பெற்றவன் யெகூ. தூரத்திலிருந்தே அவன் ஓட்டுகிற விதத்தைக் கண்டு காவற்காரன் அடையாளம் கண்டான். யாக்கோபோ, தன்னோடு கூட வரும்படி ஏசா அழைத்தபோது, பிள்ளைகளும் கறவலாடுகளும் நடக்கத்தக்க அளவே நான் வருவேன் என்றான். இவ்விருவரில் யாருடைய வண்டிக்குப் பின்னால் உங்கள் பிள்ளை நடந்துவர விரும்புவீர்கள்?

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பழைய வழியும் ஏறத்தாழக் கரமனையிலிருந்து களியக்காவிளை போகும் தூரமே. அங்கே அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போனவர்கள் ஊழியக்காரர்கள் என்பது என்னைப்போன்றவர்களுக்கு எச்சரிப்பு. அந்தச் சமாரியனின் பெயராலேயே இன்று நம் தேசத்தில் ஒரு சட்டப் பாதுகாப்பு வழங்குகிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 134ஏ பிரிவாக அதைச் சேர்த்தது. அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்க்கிறவரைப் பெயரும் விலாசமும் சொல்லும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. அவர்மேல் வழக்கும் தொடரக்கூடாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" திட்டம், விபத்தில் காயப்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாய் அளிக்கிறது. ஆகையால் "போலீஸ் தொந்தரவு" என்று சொல்லி விலகிப்போக இனி நமக்குச் சாக்கில்லை.

பிரியமானவர்களே, உங்கள் சபை ஒரு பெருஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறதா? ஆராதனை முடிந்து ஜனங்கள் கடக்கும் வேளையில் இரண்டு சகோதரர் ஒளிரும் மேலாடையோடு நிற்கட்டும். முன்னதாகக் காவல் நிலையத்தில் சொல்லி அனுமதியும் ஆலோசனையும் பெறுங்கள். வண்டிகளை வழிமறிக்கவோ ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். வாலிபர் கூட்டத்தில் ஒரு நாள் முதலுதவி கற்றுக்கொடுங்கள். கன்வென்ஷனுக்கு வேன் அமர்த்தும்போது கட்டணத்தைப் பேசுவதுபோலவே வேகத்தையும் பேசுங்கள். போதகர்மாரே, இரண்டு ஆராதனைகளுக்கு நடுவே ஓட்டம் ஓடாதபடி நேரத்தை மாற்றி அமையுங்கள். நான் அப்படியே செய்தேன். இரண்டாம் ஆராதனை அரைமணி பிந்தித் தொடங்குவதால் எந்த ஆத்துமாவும் கெட்டுப்போகவில்லை.

இப்பொழுதும் மாதத்தில் சிலமுறை சாலைக் கடைத்தெருவுக்குப் போகிறேன். முன்னே கைவண்டி நின்றால் நானும் நிற்கிறேன். அச்சிறுவன் இந்நேரம் வாலிபனாகியிருப்பான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. அவன் அன்று எனக்குச் செய்த பிரசங்கம் இரண்டே வார்த்தை. அதை இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்: மெதுவாய்ப் போங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும், உங்கள் வண்டிக்குமுன் நடக்கிற பிள்ளைகளையும் கர்த்தர் காப்பாராக. ஆமென்.