ஈயமும் பூச்சும்

உப்பனாற்றில் வீச்சு வலை வீசுகிறவரை அருகில் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். வலையின் ஒரு பகுதியைத் தோளில் போட்டு, மற்றொரு பகுதியைக் கையில் அள்ளி, ஈயக்குண்டுகள் கோத்த விளிம்பை ஓரிடத்தில் பல்லால் கவ்விக்கொண்டுதான் அவர் உடலைத் திருப்புவார். வலை கையை விட்டுப் பறக்கும் கணத்தில் பல்லும் அதை விடுவிக்கும். வட்டமாய் விரிந்து வலை நீரில் இறங்கும் அழகில் கண் நிலைத்துவிடுவதால் அந்தக் கடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. சென்ற ஆண்டு வரை நாங்களும் பொருட்படுத்தியதில்லை.

குடிகாட்டில் இருக்கிறது எங்கள் வீடு. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தந்தை, எங்கள் வீட்டுப் பெரியவர், நாற்பது ஆண்டுகளாக ஆற்றில் வலை வீசுகிறார். வலைக்கான குண்டுகளைக் கடையில் வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைவு. பழைய இரும்புக் கடையில் ஈயத்தை எடைக்கு வாங்கி வந்து, கொல்லையில் மூன்று செங்கல் கூட்டி, இரும்புச் சட்டியில் உருக்கி, இரண்டு பாதியாகப் பிரியும் அச்சில் ஊற்றி, தாமே வார்த்துக்கொள்வார். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் உலோகம். விறகு அடுப்பே போதும். சட்டியில் அது வெள்ளிபோல் தளும்புவதைக் காண எங்கள் ஆறு வயது மகள் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு அமர்ந்திருப்பாள். ஆறிய குண்டுகளை எண்ணிக் கொட்டாங்கச்சியில் போடுவது அவளுடைய வேலை.

குடிகாடு என்றதும் கடலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு எது நினைவுக்கு வரும் என்பதை அறிவோம். 1980களில் வந்த சிப்காட் தொழிற்பேட்டை எங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. 2025 மே மாதத்தில் ஒரு சாய ஆலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, அந்நீர் ஊருக்குள் புகுந்ததைச் செய்திகளில் படித்திருப்பீர்கள். காற்றில் நாற்றம் மாறினாலே எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கைகாட்டப் பழகியவர்கள் நாங்கள். எனவே, நஞ்சு என்பது எங்களைப் பொறுத்தவரை மதிலுக்கு அப்பாலிருந்து வருவது.

மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. முகம் வெளுத்திருந்தது, படித்ததை உடனே மறந்தாள். மருத்துவரிடம் சென்றபோது, ஊரின் பெயரைச் சொல்லி ஆலைகளைக் குறைகூறத் தொடங்கிவிட்டோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டில் யாராவது பேட்டரி வேலை, ஈய வேலை செய்கிறார்களா?" என்றார். இரத்தப் பரிசோதனையில் டெசிலிட்டருக்கு 9 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளுக்கு எச்சரிக்கை அளவாக வைத்தது 3.5. கேடில்லாத அளவு என்று ஒன்று அறியப்படவே இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்றுக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கையைப் பின்னர்தான் படித்தோம். அந்த மூன்றில் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது; ஆலை காரணமன்று, கொல்லை அடுப்பு.

பெரியவரிடம் இதை எப்படிச் சொல்வது? பேத்தியின் மீது உயிரையே வைத்திருப்பவர். சொன்னபோது சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பது வருஷமா உருக்குறேன், பல்லுல கடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு மாப்ளே?" என்றார். குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுதியாக இருந்தது. அவருடைய கை நடுங்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதை வயதின் கணக்கில் எழுதியிருந்தோம். இன்றும் அது எந்தக் கணக்கு என்று எங்களுக்குத் தெரியாது. அவரும் பரிசோதித்துக்கொள்ள ஒப்பவில்லை.

படிக்கப் படிக்கச் சில செய்திகள் துலங்கின. ஈயம் உருகும் வெப்பத்தில் ஆவியாவது மிகக் குறைவு; சட்டி செந்தணலில் அளவுக்கு மீறிச் சூடேறும்போதே ஆவி பொருட்படுத்தத்தக்கதாகிறது. அதைவிடப் பெரிய கேடு, மேலே படிந்து வழித்துக் கொட்டப்படும் சாம்பல்நிறக் கசடு. அது மெல்லிய பொடியாகி மண்ணில் கலந்து, விரலில் ஒட்டி, சோற்றுடன் உள்ளே போகிறது. பழைய பேட்டரித் தகடுகளை உருக்கினால் நிலைமை இன்னும் மோசம்; அவற்றில் பாதிக்கு மேல் ஈயப் பொடிதான், அமிலமும் ஊறியிருக்கும். குழந்தை கொட்டாங்கச்சியில் எண்ணிப் போட்டதையும் பெரியவர் பல்லால் கவ்வியதையும் இப்போது வேறு கண்ணால் பார்த்தோம்.

இந்நிலையில்தான் எங்கள் மைத்துனன் ஒரு வழி சொன்னான். கம்பிக் கதவுகளுக்கும் அலுமினியச் சன்னல்களுக்கும் பவுடர் கோட்டிங் போடும் பட்டறையில் அவன் வேலை செய்கிறான். "குண்டையெல்லாம் கோட்டிங் போட்டுக் குடுத்துடறேன் மாமா. பல்லுல ஈயமே படாது" என்றான். வெளிநாடுகளில் துப்பாக்கிக் குண்டுகளை வீட்டிலேயே வார்ப்பவர்கள் இதையே செய்கிறார்களாம். பிளாஸ்டிக் டப்பாவில் குண்டுகளையும் பொடியையும் போட்டுக் குலுக்கினால், உராய்வில் எழும் மின்னூட்டத்தால் பொடி ஒட்டிக்கொள்ளும். பிறகு சுட்டெடுக்க வேண்டியதுதான். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி அத்தகைய குண்டுகளை வார்க்க முடியாது. ஆனால் தமிழில் அதுவும் ஈயக்குண்டு, வலையில் கோப்பதும் ஈயக்குண்டு. உயிரெடுக்கும் வேகம்தான் வேறு.

பூச்சு என்பது நமக்குப் புதிதன்று. பித்தளைப் பாத்திரத்தில் புளி பட்டால் களிம்பேறும் என்பதால், தெருவில் துருத்தி வைத்து, நவச்சாரப் பொடி தூவி, ஈயம் பூசித் தந்தவர்களை எங்கள் தலைமுறை பார்த்திருக்கிறது. ஆனால் அவர்கள் பூசியது வெள்ளீயம்; ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. வலைக்குண்டு காரீயம். இரண்டும் வேறுவேறு உலோகங்கள் என்பதை அடைமொழியாலேயே பிரித்துக் காட்டிய மொழி நம்முடையது. பேச்சில் அந்த அடைமொழிகள் உதிர்ந்து இரண்டும் வெறும் ஈயமாகிவிட்டன. வகுப்பில் இவ்விரு சொற்களையும் பலமுறை விளக்கியிருக்கிறோம். வீட்டுக் கொல்லையில் அந்த விளக்கம் நினைவுக்கு வரவில்லை.

மைத்துனன் முதலில் கொண்டுவந்தது பட்டறையில் மீந்திருந்த பளிச்சென்ற மஞ்சள் பொடி. மகளுக்கு அந்த நிறம்தான் வேண்டும். வாயில் படப்போகும் பூச்சாயிற்றே என்று ஒவ்வொன்றாக விசாரித்தோம். மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் அவ்வளவு பளிச்சிடுவதற்குக் காரீயக் குரோமேட் நிறமி காரணமாக இருக்கலாம். ஈயத்தை மறைக்க ஈயத்தையே பூசுவதாக முடியும்! வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்று 2016இல் விதி வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அவ்விதி வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயின்டுகளுக்கே உரியது. பட்டறைப் பொடிக்கு அதை நம்பியிருக்க இயலாது.

நிறத்தை விலக்கினாலும் பிசின் இருக்கிறது. எப்பாக்சி வகை உப்புநீரைத் தாங்கும். ஆனால் வெயிலில் வெளிறிச் சுண்ணாம்புபோல் உதிரும். கரையில் உலரும் வலைக்கு அது ஆகாது. வெயிலைத் தாங்குவது பாலியெஸ்டர். அதிலும் இரண்டு வகை. ஒன்றில், பிசினை இறுக வைக்க டிஜிஐசி என்ற பொருளை, வழக்கமாக 100 பங்குக்கு 7 பங்கு என்ற அளவில் சேர்க்கிறார்கள். மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் இதை மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. நன்கு சுட்டபின் அது பிசினோடு பிணைந்துவிடும். ஆபத்து பெரும்பாலும் பொடியைக் கையாள்பவருக்கே. அந்த ஆள் எங்கள் மைத்துனன். மற்ற வகையில் ஹைட்ராக்சி ஆல்கைல் அமைடு என்பதைப் பயன்படுத்துகிறார்கள். சூட்டில் அதிலிருந்து வெளியேறுவது நீராவி. பூச்சு தடித்தால் ஊசித்துளைகள் விழும் என்பதே அதன் குறை. மெல்லியதாகப் போட்டால் அதுவும் இல்லை. எங்களுக்கு ஏற்றது இரண்டாவதே என்று முடிவு செய்தோம்.

பொடி விற்பவரிடம் பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்கச் சொன்னோம். 2451-62-9 என்ற வேதிப் பதிவு எண் இருந்தால் அது டிஜிஐசி. 1344-37-2, 12656-85-8 என்ற எண்கள் காரீயக் குரோமேட் நிறமிகள். இவை எவையும் இல்லாத சாம்பல்நிறப் பொடி ஒன்று கிடைத்தது. மின்னும் உலோகத்தூள் கலந்த பொடிகளை எளிதில் தீப்பற்றும் என்பதால் ஒதுக்கினோம். பட்டறையில் குண்டுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு, மைத்துனன் முகக்கவசம் அணிந்து பொடியைத் தெளித்து, ஏறக்குறைய 200 டிகிரியில் சுட்டெடுத்தான். வீட்டுச் சமையல் அடுப்பு எதையும் இதற்குத் தொடவில்லை. ஆறிய குண்டு ஒன்றைப் பெரியவர் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். குண்டு நசுங்கியது; பூச்சு உதிரவில்லை. "சரி, புடிச்சிருக்கு" என்றார்.

இத்துடன் எல்லாம் தீர்ந்ததாக நாங்கள் எண்ணவில்லை. பூச்சு பல்லைக் காக்கும், அடுப்பைக் காக்காது. ஆற்றுமணலில் உரசி ஓரிரு பருவத்தில் அது தேயும். தேய்ந்த குண்டைப் பொறுக்கி மாற்ற வேண்டும். பூசிய குண்டை மறுபடி உருக்கினால் பிசின் கருகி நச்சுப்புகை கிளம்பும் என்பதால் அதைச் சட்டியில் போடக்கூடாது. பிரிட்டன் 1987இல் சிறு ஈயத் தூண்டில் எடைகளைத் தடைசெய்தது அன்னங்கள் அவற்றை விழுங்கி மடிந்ததால். ஈயமே வேண்டாம், இரும்புச் சங்கிலி கோத்த வலையும் உண்டே என்று கேட்டுப் பார்த்தோம். "அது எறங்குறதுக்குள்ள மீன் பிச்சாவரம் போயிடும்" என்று சிரித்தார். இரும்பைவிட ஈயம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆயினும் அவர் தாமாகவே செய்த ஒன்று எங்களை நெகிழச் செய்தது. ஒருநாள் விடியலில் செங்கற்களைப் பெயர்த்து, கொல்லை மண்ணை ஈரப்படுத்தி வழித்தெடுத்து, சட்டியையும் அச்சையும் சாக்கில் கட்டி வைத்துவிட்டார். இனிக் கடையில் வாங்கிய குண்டுகளுக்குத்தான் பூச்சு. கௌரவத்தை விட்டுக்கொடுப்பது எளிதன்று. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆறு மாதத்துக்குப் பின் மகளுக்கு மீண்டும் பரிசோதித்ததில் 5 என்று வந்தது. எலும்பில் படிந்த ஈயம் வெளியேறப் பல்லாண்டுகள் ஆகும் என்றார் மருத்துவர். ஆலைகளின் மீதான எங்கள் குறை அப்படியே இருக்கிறது. ஆனால் கைகாட்டும்போது இப்போது ஒரு கணம் எங்கள் கையையும் பார்த்துக்கொள்கிறோம்.

புதுக் குண்டு கோத்த வலையைப் பெரியவர் முதல்முறை பல்லால் கவ்வி வீசிய அன்று கரையில் நின்றிருந்தோம். வலை நன்றாகவே விரிந்தது. அவர் முகம்தான் சுருங்கியது. "என்ன மாமா?" என்றோம்.

"முன்னெல்லாம் லேசா ஒரு தித்திப்பு இருக்கும் மாப்ளே. இதுல ருசியே இல்ல."

ஈய உப்புகள் தித்திக்கும் என்பதையும், பண்டைய ரோமானியர் திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சி அந்த இனிப்பை விரும்பி உண்டனர் என்பதையும் படித்திருந்தோம். அதை அவரிடம் சொல்லவில்லை. அவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஏதோ துள்ளியது.