கோட்டான் வீட்டு வாசலில்

வீட்டுக்குச் சக்கரம் கட்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்று என்றைக்காவது நீங்கள் யோசித்ததுண்டா? அரிசோனாவில் இருக்கும் என் அக்கா அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறாள். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே. லீவு விட்டால் குடும்பத்தோடு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவாள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காப்பியும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்தால், எதிரே சகுவாரோக் கள்ளிகள் 40 அடி உயரத்தில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். ஒரு கை முளைக்கவே 50 வருஷத்துக்கு மேல் ஆகுமாம்! அந்தக் கள்ளியில் மரங்கொத்தி பொந்து குடைந்துவிட்டுப் போனால், பின்னாலேயே குருவியளவு ஆந்தை ஒன்று குடிவருகிறது. உலகத்திலேயே சின்ன ஆந்தை அதுதான். தின்னும் விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே காலம் தள்ளும் எலியும் அங்கே உண்டு. (நம் வீட்டுக் குழாய்களைப் பார்த்தால் நமக்கும் அந்த வித்தை தெரிந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.)

"நீ ஒரு தரம் வந்து பாரேன், அம்மா" என்று அக்கா இரண்டு வருஷமாகப் போனில் கெஞ்சுகிறாள். அப்பா போன பிறகு அம்மா அஸ்தினாபுரத்து வீட்டை விட்டுக் கோயிலுக்குக்கூடச் சரியாகப் போவதில்லை. "பார்க்கலாம்" என்பாள். அம்மாக்களின் "பார்க்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன தை மாதத்தில் ஒரு நாள் நான் வாடகைக்கு ஒரு வேன் பிடித்தேன். பின் ஸீட்டில் மெத்தை, கூடையில் புளியோதரை, பிளாஸ்க்கில் காப்பி.

"எங்கேடீ இத்தனை மூட்டையோடு?"

"நன்மங்கலம் காட்டுக்கு."

"அங்கே என்ன இருக்கு, முள்ளும் கல்லும்!"

அம்மா சொன்னதில் தப்பில்லை. சுமார் 320 ஹெக்டேர் காப்புக்காடு அது. முட்புதர்தான் அதிகம், நடுவே கைவிட்ட கல்குவாரி. இந்த வட்டாரத்துக் கல் சார்னோகைட் என்னும் ஜாதி. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் துரையின் கல்லறைக்கு வைத்த கல்லும் இதுவே என்பதால் அந்தப் பெயர். நான் சின்னவளாக இருந்தபோது குவாரிகளில் வெடி வைத்தால் எங்கள் பரணில் பாத்திரங்கள் கடகடவென்று ஆடும். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று அப்பா சமாதானம் சொல்வார்.

வனத்துறையிடம் அனுமதி கேட்டு, வெயில் தாழ்ந்ததும் குவாரி விளிம்புக்கு நடந்தோம். செங்குத்தாய் வெட்டிய பாறை, அடியில் மழைத் தண்ணீர். புதருக்குள்ளிருந்து முயல் ஒன்று பாய்ந்தோடியது. "அதோ, பாறை இடுக்கிலே பாரு!" என்றாள் அம்மாதான் முதலில்.

இரண்டு கொம்பு வைத்தாற்போல் காதோர இறகு, ஆரஞ்சு நிறக் கண். கொம்பன் ஆந்தை!

"ஐயையோ, கோட்டானா! முழிச்சால் ஆகாதே!"

அது கூடு கட்டுவதில்லை, பாறை விளிம்பிலேயே முட்டையிடும், ஊரிலுள்ள எலிகளையெல்லாம் தின்று நமக்கு உபகாரம் செய்கிறது என்றேன். அம்மா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அத்தனை வெடி வைச்சு உடைச்ச இடத்திலேயே வந்து குடித்தனம் பண்றதே, பாவி" என்றாள் கடைசியில், மெல்ல.

காட்டில் இரவு தங்க விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்து, வேலிக்கு அப்பால் வேனை நிறுத்திப் புளியோதரையைப் பிரித்தோம். 'பூ...ஊ' என்று குவாரிப் பக்கமிருந்து கனத்த குரல் வந்தது. அம்மாவின் காதுகளைப் பார்த்தேன். பொத்திக்கொள்ளவில்லை. இன்னொரு தரம் கூப்பிடுமா என்று காத்திருந்தாள்.

திரும்பும் வழியில், "உங்க அக்கா சொன்னாளே, அந்தக் குருவியளவு ஆந்தை, அது எந்த மாசத்திலே அங்கே இருக்குமாம்?" என்றாள்.

வெயில் காலத்தில்தான் அரிசோனாவுக்கு வரும், குளிருக்குத் தெற்கே போய்விடும் என்று அக்காவிடமிருந்து பதில் வந்தது. அம்மாவின் பாஸ்போர்ட்டை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். அப்பா எங்கேயோ பத்திரமாக வைத்திருக்கிறார்.