நல்ல நேரத்தில் காட்டப்பட்டார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம் என்று ஈஸிசேரில் சாய்ந்தேன். ஒன்பதாவது படிக்கிற பேத்தி இங்கிலீஷ் கிராமர் நோட்டோடு வந்து நின்றாள்.

“தாத்தா, ‘இட் ஈஸ் டைம் வி லெஃப்ட்’னு போட்டிருக்கு. இன்னும் கிளம்பவே இல்லையே, அப்புறம் எப்படி ‘லெஃப்ட்’ வரும்? மிஸ்ஸைக் கேட்டா, அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோன்னு சொல்றாங்க.”

தூக்கம் போய்விட்டது. அந்த வாக்கியத்துக்கும் எனக்கும் ஐம்பது வருஷத்துக் கணக்கு ஒன்று உண்டு. வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் பள்ளியில் சேர்ந்தது 1955இல். புதுச்சேரியில் அதற்கு முந்தைய வருஷமே கொடி மாறிவிட்டது. பாடம் மாறவில்லை. நான் படித்ததெல்லாம் பிரெஞ்சிலேதான். அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்துக் கச்சேரியில் சேவகராக இருந்தவர். பிள்ளை பிரெஞ்சு படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று நம்பினார். 1972இல் உத்தியோகமும் கிடைத்தது, எல்.டி.சி. ஆக. ஆனால் அதற்குள் ஆபீஸ் முழுக்க இங்கிலீஷ் ஆகியிருந்தது. நான் பள்ளியில் இங்கிலீஷ் படித்தது வாரத்துக்குச் சில மணி நேரம்தான். கோப்பைத் திறந்தால் ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் அகராதி. என் வயதுக்காரர்களில் இந்த அவஸ்தை தெரிந்தவர்கள் இன்னும் சிலர் முத்தியால்பேட்டையில் இருக்கிறார்கள்.

மறு வருஷம் மார்ச் மாதம் அப்பா விழுப்புரத்துக்கு அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே கண் மங்கலாக இருக்கிறது, வலிக்கிறது என்று சொல்ல, அத்தை மகன் பக்கத்துத் தெரு டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கிறான். டாக்டர் ஏதோ சொட்டு மருந்து கொடுத்து, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். “எல்லாம் இதுல விவரமா எழுதியிருக்காராம் மாமா. ஊருக்குப் போய்த் தம்பிகிட்டக் குடுங்க, அவன் படிச்சவன்” என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டான்.

அப்பா வந்ததும் வராததுமாகச் சீட்டை நீட்டினார். அதில் இருந்தது ஒரே வரி: “இட் ஈஸ் ஹை டைம் ஹி வாஸ் ஷோன் டு ஆன் ஐ ஸ்பெஷலிஸ்ட்.”

அகராதி பார்க்கக்கூட அவசியமில்லை என்று நினைத்தேன். ‘ஹை’ என்றால் உயர்ந்த. உயர்ந்த நேரம் என்றால் நல்ல நேரம். ‘வாஸ் ஷோன்’ என்றால் காட்டப்பட்டார். இறந்தகாலம், செயப்பாட்டு வினை. கண் டாக்டரிடம் நல்ல நேரத்தில் காட்டப்பட்டார்! விழுப்புரத்து டாக்டரே கண் டாக்டர்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

“நல்ல நேரத்துல காட்டிட்டீங்களாம்பா. கவலைப்பட ஒண்ணுமில்லே” என்றேன்.

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. திண்ணையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என் பிள்ளை இங்கிலீஷ் கடுதாசியைப் பார்த்த மாத்திரத்துல சொல்லிட்டான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்து தீரும்வரை போட்டுக்கொண்டார்.

ஜூலையில் ஒருநாள் இடது பக்கக் கதவில் இடித்துக்கொண்டார். மறுநாளும் இடித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்குள் நீரழுத்தம், கிளாகோமா என்றார்கள். நரம்பு பட்டுப்போனால் பட்டதுதான், போன பார்வை திரும்பாது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணை மருந்தால் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. மருத்துவச் செலவுக்கு ஆபீஸில் பில் போட்டபோது, இருக்கட்டும் என்று விழுப்புரத்துச் சீட்டையும் சேர்த்துக் கோர்த்தேன். எங்கள் ஹெட் கிளார்க் கடலூர்க்காரர், இங்கிலீஷைக் கரைத்துக் குடித்தவர். காகிதத்தைப் புரட்டிக்கொண்டே, “என்னய்யா இது, ஸ்பெஷலிஸ்ட்கிட்டக் காட்டாம ரொம்ப நாள் விட்டாச்சு, உடனே காட்டுங்கன்னு மார்ச்சுலயே எழுதியிருக்காரு. நீ ஜூலையில காட்டியிருக்கே?” என்றார்.

எழுந்து வெளியே போய்த் தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

சாயந்திரம் எல்லோரும் போன பிறகு அவரே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். “இட் ஈஸ் டைம் டு கோ”ன்னா போக நேரமாச்சு, அவ்வளவுதான். “இட் ஈஸ் டைம் ஹி வென்ட்”னா நேரம் தாண்டிப் போச்சு, இன்னும் போகலை. ‘ஹை’ போட்டா, ரொம்பவே தாண்டிப் போச்சு. அங்கே வருகிற இறந்தகாலம் நடந்ததைச் சொல்வதில்லை. இன்னேரம் நடந்திருக்க வேண்டியது, இன்னும் நடக்கவில்லை என்று சொல்கிறது.

பிரெஞ்சில் அந்த டாக்டர் “இல் எ கிராந் தாங்” என்று ஆரம்பித்திருந்தால் அன்றைக்கே அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். அதுவும் இதே பொருள்தான். ஆனால் அங்கே பின்னால் வருவது சுப்ஜோன்க்திஃப். நடக்காததற்கும் நடக்கவேண்டியதற்கும் அவர்கள் தனி வினை வடிவம் வைத்திருக்கிறார்கள். இங்கிலீஷ்காரனோ பழைய இறந்தகாலத்தையே இதற்கும் போட்டுக்கொள்கிறான்.

நாமும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் பட்டது. “நீ கிளம்பினால் நல்லது” என்கிறோமே, அவன் இன்னும் கிளம்பவில்லை. ஆனாலும் ‘கிளம்பின’ என்ற இறந்தகாலம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால், இருந்த இடத்தை விட்டு அசையாமலே “இதோ வந்துட்டேன்” என்கிறோம்.

‘ஹாட் பெட்டர்’ கதை வேறு. அதுவும் பார்வைக்கு இறந்தகாலம், பொருளோ இப்போதைய அவசரம். அதைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், “தாங்கள் நேரில் வந்தால் நல்லது” என்பதற்காக, “யூ ஹாட் பெட்டர் கம் இன் பெர்சன்” என்று மேலதிகாரி ஒருவருக்குக் கடிதம் தயாரித்தேன். வராவிட்டால் நடப்பதே வேறு என்கிற மிரட்டல் அதில் ஒளிந்திருப்பது எனக்கெப்படித் தெரியும்? பிள்ளையிடம் சொல்லலாம், நண்பனிடம் சொல்லலாம். அதிகாரியிடம் சொல்லக்கூடாது. நல்லவேளை, ஹெட் கிளார்க் கண்ணில் பட்டுச் சிவப்பு மையில் அடிபட்டது.

அப்பா 1986இல் போனார். பதின்மூன்று வருஷம் ஒற்றைக் கண்ணோடு இருந்தார். சீட்டை நான் தப்பாகப் படித்தேன் என்று அவரிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். யாராவது கண்ணைப் பற்றிக் கேட்டால், “விழுப்புரத்துக்காரன் கைராசி இல்லாதவன்” என்பார். அந்த டாக்டர் சரியாகத்தான் எழுதினார். பழியை அவர் சுமந்தார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அவர் இருந்தவரைக்கும் “இட் ஈஸ் ஹை டைம் ஐ டோல்ட் ஹிம்” என்று சொல்ல எனக்கு இடம் இருந்தது. நேரம் தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் செய்யலாம் என்கிறபோதுதான் அந்த வாக்கியம் செல்லும். அவர் போன பிறகு “ஐ ஷுட் ஹேவ் டோல்ட் ஹிம்” மட்டும்தான். தமிழில் இரண்டுக்கும் ‘சொல்லியிருக்கணும்’ என்றே சொல்லிவிட்டுப் போய்விடலாம். இங்கிலீஷ் அந்த வசதியைத் தரவில்லை.

பேத்தியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கொள்ளுத்தாத்தா கண்ணையும் சீட்டையும் மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “கிளாகோமா பரம்பரையா வர வாய்ப்பு இருக்குன்னு எங்க பயாலஜி மிஸ் சொன்னாங்க. நீங்க கடைசியா எப்போ கண் டெஸ்ட் பண்ணீங்க?” என்றாள்.

கண்ணாடி மாற்றி நாலு வருஷம் இருக்கும் என்றேன்.

“யூ ஹாட் பெட்டர் கோ டுமாரோ, தாத்தா.”

இலக்கணம் சரிதான். திங்கட்கிழமை காலை ஏழரைக்கே போய் டோக்கன் வாங்கினேன். கண்ணில் மருந்து ஊற்றி மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். வலது கண்ணில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாம். வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சீட்டு முழுக்க இங்கிலீஷ்தான். ரெண்டு தரம் படித்துவிட்டு, பேத்தியிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.